கண்ணகியின் முறை

அரங்கநாதனுக்கு மறுபடியும் க்யூ வந்திருந்தது.

போன வாரம்தான் ஒரு க்யூவைத் தலைமுழுகினார். இப்போது கைபேசியில் ஏழு எழுத்துகளுக்கு நடுவில் இன்னொன்று வாலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. குன்னம் கடைவீதியில் முப்பது வருடமாக உரமும் பூச்சிமருந்தும் விற்கிறவருக்குக் காலை ஒன்பது மணிக்கு இந்தக் கஷ்டம் தேவையா என்றால், தேவையில்லைதான்.

விளையாட்டு அவருடையது அல்ல, மனைவி கண்ணகியுடையது. ஏழு இங்கிலீஷ் எழுத்து தருவார்கள். அதை வைத்துக் கட்டத்தில் வார்த்தை கோக்க வேண்டும். ஓய்வுபெற்ற இங்கிலீஷ் டீச்சர் கண்ணகியும், அரியலூரில் அதே வேலை பார்த்து ஓய்வுபெற்ற பூங்குழலியும் ஆறு வருடம் தினமும் ஆடினார்கள். கண்ணகிக்குக் காது சுத்தமாகப் போன பிறகு, போனில் பேச வழியில்லாமல், அந்தக் கட்டமும் அதன் அடியில் எழுதிக்கொள்ளும் நாலு வரியும்தான் இருவருக்கும் பேச்சு.

ஐப்பசியில் கண்ணகி போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவளுடைய போன் டிங் என்றது. 'கண்ணகி, உன் முறை.'

பூங்குழலிக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தது அரங்கநாதனுக்குத் தெரியும். "அவகிட்ட கெட்ட சேதி எதுவும் போயிடக் கூடாதுங்க. தாங்கமாட்டா" என்று கண்ணகியே சொல்லியிருந்தாள். அவர் பந்தியை விட்டு ஓரமாகப் போய், பூனைக்கு இங்கிலீஷில் உள்ள மூன்றெழுத்தைத் தட்டிவிட்டார். ஐந்து மாதமாகத் தட்டிக்கொண்டே இருக்கிறார்.

"அண்ணே, சோளத்துல படைப்புழு. நல்ல மருந்தா குடுங்க." ராசாங்கம் வந்து நின்றார். மக்காச்சோளம் போட்டிருக்கும் சம்சாரி.

அரங்கநாதன் பாட்டிலை எடுத்தார். கொடுக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு லேபிளைப் படிக்க ஆரம்பித்தார்.

"என்னண்ணே, தேதி போயிடுச்சா?"

"இருய்யா. இதுல க்யூ இருக்கான்னு பாக்குறேன்."

"க்யூ இருந்தா புழு சாவுமா?"

இருந்தது. லிக்விட். அரங்கநாதன் அதைத் தட்டிவிட்டுத்தான் பாட்டிலை நீட்டினார்.

அவருடைய வார்த்தைகள் எல்லாம் இப்படி வந்தவைதான். டாக்ஸிக், பாய்சன், ஜிங்க். அன்று மத்தியானம் பூங்குழலியிடமிருந்து ஒரு வரி வந்தது. 'என்ன கண்ணகி, கொஞ்ச நாளா வார்த்தையெல்லாம் விஷமாவே இருக்கு? மனசுல ஏதும் கஷ்டமா?'

அவருக்கு வியர்த்துவிட்டது. பூங்குழலி மட்டும் என்னவாம்? கில்ன், கிளிங்கர் என்று சிமென்ட் ஆலைச் சரக்காகவே போடுகிறாள். அந்த ஊர்க்காரி வேறென்ன போடுவாள் என்று அவர் கேட்டாரா?

கண்ணகி எப்படிப் பதில் எழுதுவாள் என்று பார்க்கப் பழைய வரிகளைத் தள்ளிக்கொண்டே போனார். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒன்று தென்பட்டது. 'அவரு கடையப் பூட்டிட்டு வந்து பக்கத்துல உக்காந்து பாப்பாரு. ஒண்ணும் புரியாது. ஆனாலும் எந்திரிச்சுப் போகமாட்டாரு.'

உரமூட்டை மேல் உட்கார்ந்து அழுதார். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, 'கஷ்டம் ஒண்ணுமில்ல. அவரு கடையில உக்காந்து ஆடுறேன்' என்று எழுதினார்.

இனி விஷம் ஆகாது. மருந்து கம்பெனி ரெப் கோகுலகிருஷ்ணன் வந்தபோது விஷயத்தைப் பாதி மறைத்துக் கேட்டார்.

"இதுக்குப் போயி லேபிள் படிக்கிறீங்களா சார்? இந்த வெப்சைட்ல ஏழு எழுத்தயும் போடுங்க. அதுவே வார்த்தயக் கொட்டும்."

கொட்டியது. வாயில் நுழையாத வார்த்தைகளாகக் கொட்டியது. அரங்கநாதன் கண்ணை மூடிக்கொண்டு போட்டார். தொண்ணூறு மார்க். அடுத்தது நூற்றிரண்டு. வரிசையாக ஒன்பது ஆட்டம் ஜெயித்தார். கண்ணகிகூட இப்படி ஜெயித்ததில்லை.

'பழைய கண்ணகி வந்துட்டா' என்று பூங்குழலி எழுதினாள். பத்தாவது ஆட்டத்தில் அவள் முறை வந்தபோது பதில் இல்லை.

ஒரு நாள் ஆனது. இரண்டு நாள். 'பூங்குழலி, உன் முறை' என்று எழுதிப் பார்த்தார். 'நான் வேணும்னா தோத்துடுறேன்' என்றும் எழுதினார். நான்காம் நாள் பயம் பிடித்துக்கொண்டது. நெஞ்சு நோயாளியை ஒன்பது ஆட்டம் போட்டு அடித்திருக்கிறோம். பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று கண்ணகி விட்டுப்போன ஒரே ஜீவன் அது. அவளும் போய்விட்டால், கண்ணகியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

கடையைப் பூட்டிவிட்டு அரியலூர் பஸ் ஏறினார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்த நேரமெல்லாம், நெஞ்சு அதிராதபடி ஒரு சாவை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். ஒன்றும் சரிப்படவில்லை.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார். கதவைத் திறந்தவள் முப்பது வயதுப் பெண்.

"நான் குன்னத்துலேருந்து வரேம்மா. கண்ணகி டீச்சர் வீட்டுக்காரர். பூங்குழலி டீச்சர் நல்லா இருக்காங்களா?"

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "நான் அவங்க மருமக, சண்முகப்பிரியா" என்றவள் அவசரமாக வாசலுக்கு வந்து, பின்னால் கதவைச் சாத்தினாள்.

"ஒரு சேதி சொல்லணும்மா. டீச்சருக்கு நெஞ்சு தாங்குமான்னு தெரியல, அதான் உன்கிட்ட மொதல்ல..."

"மெதுவா பேசுங்கய்யா, மாமா உள்ள இருக்காரு" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "அத்தை போன ஆடியிலயே தவறிட்டாங்க. காது கேக்காம இருக்கிற கண்ணகி டீச்சருக்கு இந்த வெளயாட்டு ஒண்ணுதான் தொணைன்னு, அன்னையிலேருந்து அத்தை பேருல மாமாதான் ஆடுறாரு. நாலு நாளா வார்த்த சிக்காம சோறுகூட எறங்காம உக்காந்திருக்காரு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், டீச்சருக்கு மட்டும் இது தெரிஞ்சிட வேண்டாங்கய்யா."