மயில் கண்ணும் கார்புரேட்டரும்

கையில் ஸ்பானர் கிடைத்ததும் தன்னை இன்ஜினீயர் என்று நினைத்துக்கொள்ளும் வியாதி சிலருக்கு உண்டு. இருபத்திரண்டு வயதில் எனக்கு அது நன்றாக முற்றியிருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் தறிச் சத்தத்துக்கு அடுத்தபடியாகக் கேட்டது, மோட்டார் சைக்கிள் வேண்டும் என்ற என் புலம்பல்தான். தொல்லை தாங்காமல் அப்பா ஒரு பழைய வண்டி வாங்கிக் கொடுத்தார். ஆனால் மெக்கானிக் காதர் பாயிடம் சொல்லி, கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே சின்னத் துளை போட்ட ஒரு பித்தளை வில்லையை வைத்துவிட்டார். பெட்ரோலும் காற்றும் அதன் வழியே கொஞ்சமாகத்தான் போகும். வண்டி பதினைந்து மைல் வேகத்தைத் தாண்டாது. (ஐயம்பேட்டை ரோட்டில் ஒருமுறை ஒரு தபால்காரர் சைக்கிளில் என்னை முந்தினார். முந்தியதோடு விடாமல் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.)

அந்தச் சிரிப்பு பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா வெளியே போன நேரம் பார்த்து, கார்புரேட்டரைக் கழற்றி வில்லையை எடுத்துவிட்டேன். சுலபமாகத்தான் வந்தது. கூடவே, காற்று கசியாமல் இருக்க வைக்கும் பேக்கிங்கும் கிழிந்து வந்தது. புது பேக்கிங் வெட்டக் கெட்டியான அட்டை வேண்டும். நெசவாளி வீட்டில் அட்டைக்கா பஞ்சம்?

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில், ஓட்டை போட்ட அட்டைகள் சரமாகச் சுற்றும். அந்த ஓட்டைகளைப் பொறுத்துத்தான் சேலையில் பூவோ அன்னமோ விழும். சுவரில் மாட்டியிருந்த ஒரு சரத்திலிருந்து நாலு அட்டைகளை உருவினேன். இத்தனை நூறு அட்டையில் நாலு போனால் யாருக்குத் தெரியும்! சரத்தை மறுபடி நூல் கோத்து இணைத்தும் வைத்தேன். அன்று நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

ஓட்டை அட்டையில் பேக்கிங் வெட்டினால் அந்த ஓட்டை வழியாகக் காற்று புகும், இன்ஜின் வெறி பிடித்து ஓடும் என்பது இந்த இன்ஜினீயருக்கு உறைக்கவில்லை. முசரவாக்கம் பக்கம் போய் ஆக்ஸிலேட்டரை விட்டேன். வண்டி என்னை விடவில்லை. சாவியைத் திருப்பியிருந்தால் நின்றிருக்கும். நான் ஹாண்டில்பாரைத் திருப்பினேன். வண்டியும் நானும் சேற்று வயலுக்குள் போய் விழுந்தோம்.

நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னாபா, மாடு கெடைக்கலியா? வண்டியிலயே ஏர் ஓட்ட வந்துட்ட?"

வண்டி காதர் பாய் கடைக்குப் போனது. "வழுக்கிடுச்சுப்பா" என்று வீட்டில் சொல்லிச் சமாளித்தேன். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

என் தங்கை குமுதாவின் கல்யாணச் சேலை அப்போது தறியில் இருந்தது. அப்பாவே நெய்துகொண்டிருந்தார். நான் கைவைத்தது அதன் முந்தானைக்கான சரம். நெய்யும்போது சேலையின் உள்பக்கம்தான் மேலே இருக்கும் என்பதால் அவருக்கும் தெரியவில்லை. தறியிலிருந்து அறுத்து விரித்தபோதுதான் பார்த்தோம். முந்தானை முழுக்க வரிசையாக மயில்கள். ஒன்றுக்கும் கண் இல்லை. கல்யாணத்துக்கு எட்டே நாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை. அப்பா யாரையும் திட்டவில்லை. சன்னல் வெளிச்சத்தில் சேலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். மறுநாள் அம்மாவிடம் சொல்வது என் காதில் விழுந்தது.

"எனக்குத்தான் கண்ணு போய்டுச்சு, சரோஜா. இழை தப்பனதுகூடத் தெரியாம நெய்துக்கினு இருந்திருக்கறேன். இனிமே நான் தறியில குந்த மாட்டேன்."

முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்த மனிதர், என் நாலு அட்டைக்காகத் தன் கண்ணைச் சந்தேகப்படுகிறார். காதர் பாய் கடைக்கு ஓடினேன்.

அவர் என் அட்டை பேக்கிங்கைக் கழற்றித் தனியாக வைத்திருந்தார். "இத்தப் போயி பேக்கிங்னு வெச்சியே தம்பி! ஊர்ல இருக்கற ஓட்டையெல்லாம் இதுலதான்பா இருக்குது."

எண்ணெய் சொட்டும் அந்தத் துண்டுகளை அப்பா கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். "இதான்டா கண்ணு" என்றார் மெதுவாக. பிறகு நேராக அடுப்படிக்குப் போனார்.

"சரோஜா, என் கண்ணு நல்லாத்தான் இருக்குது!"

அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். அதே சந்தோஷத்தோடு திரும்பி வந்து எனக்கு ஒரு அறை விட்டார். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் அடி வாங்கியதில்லை.

குமுதா அந்தச் சேலையைத்தான் கட்டினாள். "எங்கப்பா நெய்தது, வேற வாணாம்" என்று சொல்லிவிட்டாள். முகூர்த்தம் முடிந்ததும் மாப்பிள்ளையின் அத்தை முந்தானையைப் பிடித்துப் பார்த்து, "இன்னாமா, மயிலுக்குக் கண்ணையே காணோம்?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன் வண்டியில முசரவாக்கம் வரைக்கும் போயிருக்குதுங்க, வந்துடும்" என்றாள் பாவி.

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அப்பாதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாவி, சீப்பு, மூக்குக்கண்ணாடி என்று எது காணாமல் போனாலும் முதல் விசாரணை என்னிடம்தான். கார்புரேட்டரைக் கண்ணாலும் பார்த்திராத என் பேத்திகூட இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்கிறாள்:

"தாத்தா, கார்புரேட்டர்ல பாத்தியா?"