அமிர்தம் பிடுங்கிய ஃபியூஸ் கட்டை

அமிர்தம் கை தூக்கியதுதான் வினையாகப் போயிற்று.

அதுவரை வகுப்பு ஜோராகத்தான் நடந்துகொண்டிருந்தது. அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குக் கடலூரில் ஹெட் ஆபீஸ், சிதம்பரத்தில் கிளை. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை கம்ப்யூட்டர் பாதுகாப்பு வகுப்பு, அந்த நேரத்தில் ரிப்போர்ட் கிடைக்காது என்று மேனேஜர் செந்தமிழ்செல்வன் இரண்டு நாளைக்கு முன்பே வாசலில் கொட்டை எழுத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே பயிற்சியாளர் வந்துவிட்டார். கஞ்சி போட்ட சட்டை, தோளில் பை, முகம் கொள்ளாத சிரிப்பு. மேனேஜரே எழுந்து போய்ப் பையை வாங்கிக்கொண்டார்.

நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளில் ஊழியர்கள் ஆறு பேரும் உட்கார்ந்தார்கள்.

"வீட்டுக் கதவைத் தட்டறாங்க. யாருன்னு கேக்கறீங்க. என்ன பதில் வரும்?" என்றார் பயிற்சியாளர்.

"நான்தான்!" என்றார்கள் எல்லாரும்.

"ஒடனே தொறந்துடறோம். நம்ம ஊர்ல திருடனுக்குப் பேரே தேவையில்ல. நான்தான்னு சொன்னாப் போதும். கம்ப்யூட்டர்லயும் அதே கதைதான். பேங்க்லேர்ந்து நான்தான், கூரியர்லேர்ந்து நான்தான்னு மெசேஜ் வரும். எந்த நானுன்னு கேக்கணும்."

மேனேஜர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். டெக்னீஷியன் இளமதி ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். பாஸ்வேர்டு என்பது பல் விளக்குகிற பிரஷ், அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. பென்டிரைவ் என்பது ரோட்டில் கிடக்கிற முறுக்கு, யாருடையது என்று தெரியாமல் வாயில் போடக் கூடாது. அப்டேட் என்பது ஐப்பசிக்கு முன்னால் கூரை ஓட்டையை அடைப்பது, புயல் வந்த பிறகு ஏணியைத் தேடக் கூடாது.

"இப்ப ஒவ்வொரு கம்ப்யூட்டரா நான் ஒரு புதுப் பூட்டு போட்டுத் தரேன்," என்று அவர் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார்.

அப்போதுதான் அமிர்தம் கை தூக்கினாள்.

"சார், அந்த முறுக்கு..."

"எந்த முறுக்கு?"

"கையில வச்சிருக்கீங்களே, அது."

எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சியாளரும்தான் சிரித்தார். "இது ரோட்டுல கெடந்தது இல்ல மேடம். என்னுது."

"நீங்க யாரு சார்?"

சிரிப்பு நின்றுவிட்டது.

திட்டக்குடிக்காரி அமிர்தத்துக்கு வாய் ஜாஸ்தி என்பது அந்த வீதிக்கே தெரியும். ஒன்பது வருஷமாகப் பதிவுக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறாள், ஒன்பது வருஷமும் தற்காலிகம். பில் காட்டாத ஆளுக்கு ரிப்போர்ட் தர மாட்டாள். சொந்த நாத்தனார் வந்து, "எங்க அண்ணன் ரிப்போர்ட்டுதானடி," என்று கெஞ்சியபோதும், "அண்ணன் பில்லு எங்க?" என்று திருப்பி அனுப்பியவள். அவளை நிரந்தரமாக்கச் சொல்லும் சிபாரிசுத் தாள் அன்றைக்குத்தான் மேனேஜரின் மேசைக்கு வந்திருந்தது. ஒரே ஒரு கையெழுத்து, மத்தியானத் தபாலில் கடலூர் போய்விடும். அப்படிப்பட்ட நாளில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டாமா?

மேனேஜர் அவளைத் தன் அறைக்குள் கூப்பிட்டார்.

"அமிர்தம், அந்தத் தாள் என் மேசையிலதான் இருக்கு. இன்னிக்கு ஒரு நாள் பேசாம இரு, புண்ணியமாப் போவும்."

"பேச மாட்டேன் சார். தன்மையா ஒண்ணு கேட்டுக்கறேன், அவ்ளோதான்."

வெளியே வந்து தன்மையாகத்தான் கேட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க சார். பில்லு மாதிரி எதாச்சும் ஒரு சீட்டு காட்டுங்க. விட்டுடறேன்."

அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அமிர்தம் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"போட்டோ நல்லா விழுந்திருக்கு. ஆனா இதே மாதிரி மேல வீதி ஜெராக்ஸ் கடைல பத்து நிமிசத்துல போட்டுத் தருவாங்க. எங்க தெருப் புள்ளையார் சதுர்த்திக்கு வாலன்டியர் கார்டு அங்கதான் போட்டோம்."

மேனேஜரின் காது மடல் சிவந்தது. "ஹெட் ஆபீஸ் அனுப்பின ஆளும்மா இவரு!"

"அப்ப ஹெட் ஆபீஸையே கேட்டுடறேன்."

"தாராளமாக் கேளுங்க மேடம்," என்றார் பயிற்சியாளர். அவருக்கு இருந்த பொறுமைக்குக் கோயில் கட்டலாம்.

அமிர்தம் கவுன்டரில் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, டைரியில் இருந்த எண்ணுக்குப் போட்டாள். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் அமுக்கினாள்.

"ஆமாம்மா, ஒருத்தர அனுப்பியிருக்கோம். காலைலயே கெளம்பிட்டாரே," என்றது கடலூர்ப் பெண் குரல்.

"பேரு என்னங்க?"

"ஏஜென்சி மூலமா வராரு. பேரெல்லாம் எங்களுக்குத் தெரியாது."

"ஒசரமா, குட்டையா? என்ன கலரு?"

"ஏம்மா, நீ என்ன மாப்ளையா பாக்கற?" என்று போன் வைக்கப்பட்டது.

இளமதி வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் இரண்டு கையையும் விரித்தார். "போதுமா? மானத்த வாங்கினது போதுமா?"

"ஒருத்தர அனுப்பினோம்னுதான் சொன்னாங்க. இவரத்தான் அனுப்பினோம்னு சொல்லலையே."

"எழுந்திரு அங்கேருந்து!"

எழுந்தாள். அவளுடைய நாற்காலியில் பயிற்சியாளர் உட்கார்ந்து, அவளுடைய கம்ப்யூட்டரின் பக்கம் பென்டிரைவோடு குனிந்தார். ஒன்பது வருஷமாக அமிர்தம் ஒருத்தரையும் அந்த நாற்காலியில் உட்கார விட்டதில்லை. விடுவிடுவென்று கதவுக்குப் பின்னால் போனாள்.

படக்.

மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. விளக்கு அணைந்தது. கம்ப்யூட்டரும் அடங்கியது, யூபிஎஸ் போன மழைக்காலத்திலேயே உயிரை விட்டிருந்தது. பழைய கட்டடம், ஃபியூஸ் போர்டு கதவுக்குப் பின்னால்தான். அமிர்தம் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"அக்கா! ஃபிரிட்ஜுல சாம்பிள் இருக்கு!" என்று அலறினாள் இளமதி.

"ஃபிரிட்ஜு தனி லைனு. அதுகூடத் தெரியாமயா புடுங்குவேன்?"

"குடும்மா அந்தக் கட்டைய," என்றார் மேனேஜர்.

"மாட்டேன் சார்."

"பைத்தியமா உனக்கு? அவரு பூட்டு போட வந்தவரும்மா!"

"யாருன்னே தெரியாதவரு போடற பூட்டுக்குச் சாவி யாருகிட்ட இருக்கும்?" அமிர்தம் இடுப்பில் செருகிய கட்டையைக் கையால் பொத்திக்கொண்டாள். "எனக்குக் கம்ப்யூட்டரு தெரியாது சார். ஆனா அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும். யாருக்குச் சக்கரை, யாருக்குப் புள்ள தங்கல, எந்த வூட்டுப் பொண்ணு ஆருக்கும் தெரியாம வந்து டெஸ்ட் குடுத்துட்டுப் போச்சு, அத்தனையும் இருக்கு. என் மூஞ்சியப் பாத்துதான் பேரச் சொல்லிட்டுப் போனாங்க அவுங்க. நாளைக்கு ஊரு சிரிச்சா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க உக்காருவேன்?"

"நீ இங்க உக்காந்தாத்தான!" மேனேஜர் அறைக்குள் பாய்ந்து போய் அந்தச் சிபாரிசுத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "கட்டையா, இதா? சொல்லு."

அமிர்தம் தாளைப் பார்த்தாள். தன் பெயர் அழகாக டைப் அடிக்கப்பட்டிருந்தது.

"எனக்கு பயமில்லன்னு நெனச்சுக்காதீங்க. கிழிக்கறதுன்னா கிழிங்க. கட்டையக் குடுக்க மாட்டேன்."

கிழித்தே விட்டார். நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

பயிற்சியாளர் எழுந்து பையை மாட்டிக்கொண்டார். "விடுங்க சார், நம்மாலதான் பாவம் அவுங்களுக்குச் சிரமம். முக்குல ஒரு காபி குடிச்சிட்டு வரேன். கரண்ட் வந்ததும் ஆரம்பிச்சுடலாம்."

எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று ஆளாளுக்கு உருகிப்போனார்கள். மேனேஜர் வாசல் வரை போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

அரை மணி ஆயிற்று. காபி குடிக்கப் போனவரைக் காணவில்லை.

"கோச்சிக்கிட்டுப் போயிட்டாரு," என்றார் மேனேஜர், வேர்வையைத் துடைத்துக்கொண்டே. "எப்படி வருவாரு? நானா இருந்தாலும் வர மாட்டேன். நீ நாளைலேருந்து வர வேணாம் அமிர்தம். ஹெட் ஆபீஸுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் இருக்கலாமில்ல?"

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? ஒரு பேச்சு விட்டுக் குடுத்திருந்தா இந்நேரம் பர்மனென்ட்டு," என்று இளமதி கண்ணைக் கசக்கினாள்.

"அழாதடி. வேல போனா இன்னொண்ணு தேடிக்கறேன்," என்று அமிர்தம் முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மணி பன்னிரண்டு. நோட்டீஸில் சொன்ன நேரம் முடிந்துவிட்டது, இனி ஆட்கள் வருவார்கள். ஃபியூஸ் கட்டையை மாட்டிவிட்டு வந்து தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சட்டையெல்லாம் நனைந்து, தலை கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஒருத்தர் உள்ளே வந்தார். நடக்கவே தெம்பில்லாதவர் போலக் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிளட்டா, யூரினா?" என்றாள் அமிர்தம். "வெறும் வயித்துலதான வந்தீங்க?"

"வெறும் வயிறுதான், ஆனா டெஸ்டுக்கு இல்லம்மா. கடலூர் ஹெட் ஆபீஸ்லேர்ந்து அனுப்பினாங்க, புதுச்சத்திரத்துல பஸ்ஸு பஞ்சர் ஆகி ரெண்டு மணி நேரம் லேட்டாயிடுச்சு. கம்ப்யூட்டர் பாதுகாப்பு கிளாஸ இப்ப ஆரம்பிக்கலாங்களா?"