கழலாத நட்டு

மாவு மில்லில் நட்டு மறுபடி கழன்றுவிட்டது என்று மகள் போன் செய்ததும் பட்டறைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அது பெண் கொடுத்த வீட்டு மில். "என் கை பட்ட நட்டு கழண்டதா சரித்திரமே இல்லை" என்று சம்பந்தியிடம் நிச்சயத்தன்றே மார்தட்டியவர் அவர். இப்போது அந்த வீட்டில் மகள் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா?

மில்லுக்குள் நுழைந்தவர், வாங்கப்பா என்ற மகளின் குரலுக்குக்கூடத் திரும்பாமல் ஷாஃப்டின் முன் குந்தினார். பேரிங் நகராமல் பிடிக்கும் நட்டு தளர்ந்து கிடந்தது. அதைப் பூட்டும் வாஷரின் நாக்கு ஷாஃப்டின் காடியில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் நட்டின் பள்ளத்துக்குள் அவர் மடக்கிவிட்டிருந்த வாஷரின் பல், சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளைபோல் விறைத்து நின்றது.

தகடு மட்டம் என்று வாஷர்மேல் பழியைப் போட்டார். சம்பந்தி மீசையைத் தடவிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நைலான் வளையம் வைத்த நட்டைப் போட்டுவிட்டு வந்தார். அடுத்த வாரமே போன். சூட்டில் நைலான் இளகியிருக்கும் என்று சொன்னார். அவருக்கே நம்பிக்கை இல்லை. தடித்த வாஷர் வாங்கினார். ஸ்பானரில் குழாயைச் செருகி, அதில் தொங்காத குறையாக இறுக்கினார். நட்டு அசையவில்லைதான். ஆனால் பேரிங் கொதித்து, கிரீஸ் புகைந்து, மில் நாள் முழுக்க நின்றது. தன் செலவில் புது பேரிங் போட்டு, அளவாக இறுக்கி, இரண்டு பல்லை மடக்கினார். அதுவும் கழன்றது.

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

"மாமா, வேற ஆளை வச்சுப் பாக்கலாமா?"

"பாருங்க மாப்பிள்ளை. நான் கண்ணை மூடின பிறகு."

மகள் இலை போடட்டுமா என்று வந்து நின்றாள். முதலில் மானம், அப்புறம் சாப்பாடு என்று அவளையும் விரட்டினார். குட்டி போட்ட பூனையாய் வாசலுக்கும் ஷாஃப்டுக்கும் நடந்தார். பிறகு ஆட்டோ பிடித்துப் பட்டறைக்குப் போய், வெல்டிங் மெஷினோடு திரும்பினார்.

ஷாஃப்டில் நட்டைப் பற்றவைப்பது பாவம். பேரிங் போனால் ஷாஃப்டையே அறுக்க வேண்டும். தொழில் கற்ற எவனும் செய்ய மாட்டான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். பொறி பறந்தது, நட்டும் ஷாஃப்டும் ஒன்றாயின.

எழுந்து, முழங்கால் மாவைத் தட்டி, சம்பந்தியை நேருக்கு நேர் பார்த்தார். "இனி ஜென்மத்துக்கும் கழலாது."

சம்பந்தி மருமகளைப் பார்த்தார். அவள் முகம் ஏனோ சுண்டிப்போயிருந்தது.

மூலையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண் கோணி ஊசியை நிறுத்தினாள்.

"என்னக்கா, பத்த வச்சுட்டாரே. இனி அப்பாவைப் பாக்கணும்னா எதைக் கழட்டுவீங்க?"