ஆறு பேர் இருந்த அறை

1994 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். ஏழு பத்துக்கு ஹெப்பாள் கம்பெனி பஸ். மாலை ஆறு மணிக்கு அறைக்குத் திரும்பினேன். டைரியில் இவ்வளவுதான் இருக்கிறது. ‘ஆறு பேரை’ காலி செய்யச் சொன்னதும் அன்றுதான், அதை எழுதவில்லை.

அவ்வளவு பெரிய கூட்டத்தோடு அவ்வளவு தனியாக வாழ்ந்த மனிதர் மைசூரில் வேறு யாரும் இல்லை. என் பக்கத்து அறைக்காரர். நஞ்சன்கூட்டில் ஓர் ஆலையில் எலக்ட்ரீஷியன். அறையில் கட்டிலை நெருக்கிக்கொண்டு ஒரு பழைய சிந்தசைசர், மின்சாரத்தில் ஒலிக்கும் கீபோர்டு. அதில் ஒரே நேரத்தில் ஆறு கட்டைகள்தான் ஒலிக்கும். அந்த ஆறு குரல்களையும் அவர் ஆட்களாகவே நடத்தினார். மழைக்குளிரில் சுருதி விலகும் என்பதால் வாசிப்பதற்கு அரைமணி முன்பே சுவிட்சைப் போட்டுவிட்டு, இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை என்று வராந்தாவில் வந்து நிற்பார். அதுவரை செருப்புச் சத்தம்கூடக் கூடாது.

ஒருமுறை எனக்குக் குமிழ்களைக் காட்டினார். ஒன்றைத் திருகினால் ஒலி போர்வைக்குள் போய்விடும். எதிர்ப்பக்கம் திருகினால் வாயைத் திறக்கும். விரலை எடுத்த பிறகு ஒலி எவ்வளவு நேரம் தங்கலாம் என்பதற்கு இன்னொன்று. அதை எப்போதும் கடைசிவரை திருகி வைத்திருந்தார். ஒவ்வொரு குரலுக்குள்ளும் இரண்டு ஒலிகள். எனக்கு எதுவும் நேராக இருக்க வேண்டும்; இரண்டையும் மிகச் சரியாகச் சேர்த்து வைத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

“கொஞ்சம் விலகி இருக்கட்டும் சார். ரொம்ப ஒட்டிட்டா ஒத்தை ஆளாயிடும்.”

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஓனரம்மா மாடியேறி வந்தார். கீழே அவருக்குப் பல நாளாகப் பல குரல்கள் கேட்டிருக்கின்றன.

“ஒருத்தர்னு சொல்லித்தானே ரூம் வாங்கினீங்க? உள்ள எத்தனை ஜன?”

“ஆறு பேர்ம்மா,” என்றார் பெருமையாக. “ஏழாவதா ஒருத்தன் வந்தா, மொதல்ல வந்தவன் போயிடுவான்.”

“அதான் டேங்க்ல நீரே நிக்கமாட்டேங்குது.”

மாதக் கடைசிக்குள் அத்தனை பேரும் காலி செய்ய வேண்டும் என்றார். தனியாள் என்று பக்கத்து அறைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஓனரம்மா என்னிடம் திரும்பினார்.

“நீங்க எல்லாத்தையும் டைரில எழுதறவரு. நீங்க சொல்லுங்க சார்.”

“ஒருத்தர்தாம்மா. மூணு வருஷமா பாக்கறேன். அவரைத் தேடிக்கூட யாரும் வந்ததில்ல.”

ஓனரம்மா உள்ளே எட்டிப்பார்த்தார். ஒரு தட்டு, ஒரு தம்ளர். இறங்கிப் போனார். அறை தப்பித்தது.

“கரெக்டா சொன்னீங்க சார்,” என்று சொல்லி அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று சிந்தசைசர் ஒலிக்கவில்லை. சுவரில் இரண்டு முறை காதை வைத்துப் பார்த்தேன்.

புதன்கிழமை காலை முதல் வேலையாக, என்னிடம் இருந்த ஒரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் அறையில் போட்டு உட்கார்ந்தேன்.