கரை தெரியாத படங்கள்

செவ்வாய்க்கிழமை காலைக் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் டெல்மர் நூட்சன் ஒரு சபதம் எடுத்துவிட்டார். சனிக்கிழமைக்குள் தன் போனில் இருக்கும் படங்களை எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுவது. அதையும் மனைவி லவோனின் கை படாமல் மாற்றுவது.

சபதத்துக்குக் காரணம் ஒரு மீன். முந்தின ஞாயிறு, உறைந்து கிடந்த ஸ்பூன் ஏரியில் பனியைத் துளைத்து அவர் இறக்கிய தூண்டிலில் வால்ஐ என்கிற பெரிய ஏரி மீன் ஒன்று மாட்டியது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். வீட்டுக்கு வந்து சொல்வதற்குள் தோள் வரை வளர்ந்துவிட்டது, அது வேறு விஷயம். அந்த மீனை ஒரு கையில் தூக்கிப் பிடித்து மறு கையால் போனை நீட்டினால், இனி ஒரு படத்துக்கும் எனக்குள் இடமில்லை என்று போன் அறிவித்தது. டெல்மர் போனைப் பார்த்தார். மீன் அவரைப் பார்த்தது. பிறகு ஒரே துள்ளலில் வந்த துளை வழியாகவே வீட்டுக்குப் போய்விட்டது.

இதே கதை சனிக்கிழமையும் நடந்தால் மானம் போய்விடும். அன்றைக்குத்தான் தூண்டில் கடைக்காரர் வருஷா வருஷம் நடத்தும் போட்டி. பிடித்த மீனை அளவுப் பலகை மேல் கிடத்தி, பக்கத்தில் கடையில் கொடுத்த எண் அட்டையை வைத்து, படம் எடுத்துக் கடைக்கு அனுப்ப வேண்டும். மீனை உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும். படம் இல்லாத மீன் இந்தப் போட்டியில் மீனே இல்லை. ஜெயித்தவர் பெயரைக் கடைச் சுவரில் தொங்கும் மரப்பலகையில் பொறிப்பார்கள். பக்கத்து வீட்டு வெண்டலின் பெயர் அதில் இரண்டு தடவை இருக்கிறது. டெல்மர் அந்தக் கடையில் புழு வாங்கப் போகும்போதெல்லாம் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

பழைய படங்களை அழித்துவிட்டால் தீர்ந்தது என்று நீங்கள் சொல்லலாம். மகள் கல்யாணப் படங்களை அழிக்கச் சொல்லுங்கள், டெல்மர் யோசித்துப் பார்ப்பார். மீன் படத்தில் கைவைக்க விடமாட்டார். ஆறு குளிர்காலத்து மீன்கள் அந்தப் போனுக்குள் இருந்தன. அத்தனையும் ஒரே இடத்தில் பிடித்தவை.

அந்த இடம் எது என்பது டெல்மருக்கும் மீன்களுக்கும் மட்டும்தான் தெரியும். மினசோட்டாவில் ஒருவரிடம் அவர் மருத்துவச் சோதனை முடிவைக்கூடக் கேட்டுவிடலாம். மீன் பிடிக்கும் இடத்தைக் கேட்கக் கூடாது. கேட்டாலும் பதில் கிடைக்காது. வெண்டல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எங்கே பிடித்தாய் என்று சும்மா கேட்பது போலக் கேட்பார். வாயில் பிடித்தேன் என்பார் டெல்மர். இருவரும் சிரிப்பார்கள். ஒருவர் சிரிப்பு மட்டும் சீக்கிரம் நின்றுவிடும்.

தெற்கே இருக்கும் அந்த இடத்துக்கு டெல்மர் வடக்கே புறப்பட்டுத்தான் போவார். பெட்ரோல் போடும் இடத்தில் நின்று, பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு வண்டியைத் திருப்புவார். படம் எடுப்பதிலும் அதே ஜாக்கிரதை. கரையில் ஒரு மரம், ஒரு படகுத்துறை, ஒரு கூரை முனை தெரிந்தால்கூடப் போதும், வெண்டல் கண்டுபிடித்துவிடுவார். அதனால் மீனைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக் கிட்டத்தில் வைத்து எடுப்பார். ஆறு வருட மீன்களும் அந்த ஒரே வயிற்றின் முன்னால்தான் நின்றன. மீன் மாறியது, மேல்கோட்டு மாறவில்லை. வயிறு கொஞ்சம் முன்னேறியிருந்தது.

லவோனுக்கும் அந்த இடத்தைச் சொன்னதில்லை. அவளுக்கும் தூண்டில் போடுவதில் ஆசை உண்டு. கல்யாணமான புதிதில் அவளை ஏரிக்கு அழைத்துப்போய், நாணல் ஓரமாக ஒரு துளை போட்டுக் கொடுத்து, இதுதான் நல்ல இடம் என்று முகத்தை மாற்றாமல் சொன்னவர் அவர்தான். அங்கே விரல் நீளப் பொடி மீனைத் தவிர வேறு எதுவும் வராது. அன்றிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் அவள் அங்கேதான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். உன்னோடு வருகிறேனே என்று எப்போதாவது கேட்பாள். உன் பிளாஸ்க் மூடியைத் திருகும் சத்தத்துக்கே மீன் ஓடிவிடும் என்பார் டெல்மர். மூடியைத் திருகிக் காப்பியை ஊற்றிக்கொள்வாள்.

இப்போது சிக்கல் என்னவென்றால், கீழ்த்தளத்தில் இருந்த கம்ப்யூட்டர் லவோனின் ராஜ்யம். சர்ச்சின் வாராந்தரச் செய்தித்தாளை அவள்தான் அதில் தயாரிப்பாள். டெல்மருக்கு அதில் சீட்டாடத் தெரியும்.

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து டெல்மர் கீழே இறங்கினார். போனைக் கம்ப்யூட்டரில் வயரால் இணைத்தார். சர்ச்சில் பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு குடும்பங்களைப் பக்கம் பக்கமாக உட்காரவைத்தது போல இருந்தது. போன் மின்சாரத்தை மட்டும் வயிறாரக் குடித்துக்கொண்டது. அதில் ஒரு படம் இருப்பதாகக் கம்ப்யூட்டருக்குத் தெரியவே இல்லை. வயரைக் கழற்றி மாட்டினார். துடைத்து மாட்டினார். ஊதி மாட்டினார். கடைசியில் ஒவ்வொரு படமாகத் தனக்குத்தானே மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினார். மாலை வரை அனுப்பியும் ஒரு குளிர்காலத்தில் பாதிகூட முடியவில்லை. அதில் ஒன்று எப்படியோ பாஸ்டருக்குப் போய்விட்டது. இறைவனின் படைப்பு எத்தனை விதம் என்று அவர் உடனே பதில் எழுதினார். மீனைச் சொன்னாரா, வயிற்றைச் சொன்னாரா என்று டெல்மருக்கு விளங்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில் லவோன் கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷை அவர் தட்டில் பரிமாறினாள்.

"பாஸ்டர் கூப்பிட்டார்," என்றாள். "உன் வயிறு அவருக்கு வந்திருக்காம்."

"அது மீன்."

"மீனும் இருந்துச்சுன்னார்."

டெல்மர் உருளைக்கிழங்கைக் கவனமாகச் சாப்பிட்டார்.

"போன் நிறைஞ்சு போச்சா? நான் ஏத்தித் தரேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு, போதும். எங்க பிடிக்கிறே?"

"வாயில."

லவோன் சிரிக்கவில்லை. ஹாட்டிஷ் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். டெல்மர் இன்னொரு கரண்டி கேட்க நினைத்து, கேட்காமல் எழுந்து போனார். எங்கள் பக்கத்தில் சண்டை என்றால் இவ்வளவுதான். வெளியூர்க்காரர் பார்த்தால் அமைதியான குடும்பம் என்பார்.

புதன்கிழமை முழுவதும் டெல்மரும் வயரும் மல்லுக்கட்டினார்கள். வியாழக்கிழமை காலையில் லவோன் தானாகவே படியிறங்கி வந்தாள். கையில் இரண்டு கோப்பை காப்பி. அவருடைய கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, நகரு என்றாள்.

"இடத்தைச் சொல்ல மாட்டேன்," என்றார் டெல்மர்.

"யாரு கேட்டா?"

அவர் ஊதி ஊதி மாட்டிக்கொண்டிருந்த வயரை எடுத்துப் பார்த்தாள். இது சார்ஜ் ஏற்ற மட்டும் உதவும் வயர், இதில் படம் போகாது என்றாள். மேசை இழுப்பறையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினாள். உடனே போன் விழித்துக்கொண்டு, இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று கேட்டது.

"என்ன பண்ண?" என்றார் டெல்மர்.

"என்னைக் கேட்டா? உன் போன், உன் நம்பிக்கை."

டெல்மர் யோசித்தார். கம்ப்யூட்டரை நம்பலாம். அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளைப் பற்றித்தான் கேள்வி. ஆனால் அவள் என்ன செய்துவிட முடியும்? எந்தப் படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒரு மீன், ஒரு வயிறு. ஒரு மரக்கிளை இல்லை, ஒரு கூரை இல்லை. ஆறு வருட ஜாக்கிரதை. அவருக்குத் தன் மீதே மரியாதை வந்தது. நம்பலாம் என்று அழுத்தினார். ஆனாலும் அவள் தோளுக்குப் பின்னால் காவலுக்கு நின்றுகொண்டார்.

லவோன் மவுஸைப் பிடித்தபடி திரும்பினாள்.

"படம் மட்டும் வந்தா போதுமா? இல்ல, அதோட இருக்கற விவரமும் வரணுமா?"

மீனின் நீளத்தையும் தேதியையும் சொல்கிறாள் போலிருக்கிறது என்று டெல்மர் நினைத்தார். ஆறு வருடப் பெருமையில் எதற்காகக் கஞ்சத்தனம்?

"எல்லாம் வரணும். ஒண்ணு விடக் கூடாது."

"நீ சொன்னதுதான்," என்றாள் லவோன்.

அவர் காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. டெல்மர் விடவில்லை. ஒவ்வொரு மீனையும் கம்ப்யூட்டரில் பார்த்து, தலை வால் எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே போனைத் துடைத்துக் காலி செய்தார். போன் கைக்கு லேசாகிவிட்டது போலத் தோன்றியது. சபதம் பாதி தோற்றாலும் இடம் பத்திரமாக இருந்தது. அன்று மாலை வேலியோரம் வெண்டலைப் பார்த்தபோது, சனிக்கிழமை சுமாராகத்தான் இருக்கும் என்று அடக்கமாகச் சொன்னார். எங்கள் ஊரில் அதற்கு, உன் பெயருக்கு மேலே என் பெயர் வரப்போகிறது என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை லவோன் கீழே சர்ச் வேலையில் வெகுநேரம் இருந்தாள். மேலே வந்தபோது அவள் முகம் சாந்தமாக இருந்தது. தங்கை கார்லாவுக்கு வேண்டுமாம், கொட்டகையில் கிடக்கும் அந்தப் பழைய ஐஸ் துளைப்பானைக் கொஞ்சம் தீட்டித் தர முடியுமா என்று கேட்டாள். கார்லாவுக்கு எதற்கு என்று டெல்மர் கேட்கவில்லை. வெற்றி பெறப்போகிறவனுக்குத் தாராளம் தானாக வரும். அதன் கத்தி இரண்டையும் சவரம் செய்கிற பதத்துக்குத் தீட்டி, எண்ணெயும் போட்டுக் கொடுத்தார்.

சனிக்கிழமை விடிந்தபோது லவோன் வீட்டில் இல்லை. சர்ச்சில் காப்பி வேலை இருக்கிறது, கார்லாவோடு சீக்கிரமே போய்விடுவேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். டெல்மர் போனைச் சட்டையின் உள்பையில், நெஞ்சுச் சூட்டில் வைத்தார். குளிரில் போன் செத்துப்போகும் என்பது அவருக்குத் தெரியும். வடக்கே புறப்பட்டார். பெட்ரோல் போடும் இடத்தில் நின்றார். பின்னால் யாரும் இல்லை. தெற்கே திரும்பினார். மூக்குப் போல நீண்ட கரையைச் சுற்றி, சாமான்கள் ஏற்றிய சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு பனி மேல் நடந்தார்.

அவருடைய இடத்தில் ஒரு ஊதா நிறக் கூடாரம் நின்றது.

வெண்டலாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். கோபம் வருவதற்கு முன்னால் ஒரு சத்தம் வந்தது. பிளாஸ்க் மூடி திருகுகிற சத்தம்.

கூடாரத் துணியை விலக்கினார். லவோன் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். சட்டையில் எண் அட்டை. காலடியில் தண்ணீர் நிறைந்த பெரிய தொட்டி. அதற்குள் ஒரு வால்ஐ திரும்ப இடமில்லாமல் வளைந்து கிடந்தது. டெல்மர் முழங்கையைப் பார்த்தார். விரல் நுனியைப் பார்த்தார். அது ஞாயிற்றுக்கிழமை தன்னை விட்டுப் போன அதே மீனாக இருக்குமோ என்று ஒரு எண்ணம் வந்தது. அதன் முகத்தில் அறிமுகம் தெரிந்தது.

"சர்ச்னு சொன்னே," என்றார்.

"காப்பி கார்லா போடறா."

"இங்க எப்படி வந்தே?"

"நீ எடுக்கற படம் ஒவ்வொண்ணுலயும் எங்க எடுத்ததுன்னு உன் போன் எழுதி வெச்சிருக்கு, டெல்மர். விவரமும் வரணும்னே, வந்துச்சு. கம்ப்யூட்டர்ல மேப்பைத் திறந்தேன். ஏரிக்கு அம்மை போட்ட மாதிரி இந்த ஒரு இடத்துல மட்டும் சிவப்புச் சிவப்பாப் பொட்டு." ஒரு வாய் காப்பி குடித்தாள். "பல் டாக்டர்கிட்ட போறேன்னு போனியே, அந்த நாள் பொட்டும் இங்கதான் இருக்கு. ராத்திரி ஒரு பக்கமாவே மென்னே பாரு, அதைத்தான் என்னால மறக்க முடியல."

டெல்மர் தன் தாடையைத் தொட்டுக்கொண்டார். நாணல் ஓரத்து விஷயத்தையும் அவள் எடுப்பாள் என்று காத்திருந்தார். அவள் எடுக்கவில்லை. துளையை எட்டிப் பார்த்துவிட்டு, துளைப்பான் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது, நன்றாகத் தீட்டியிருக்கிறாய் என்று மட்டும் சொன்னாள்.

பிறகு தன் போனை எடுத்துக் காட்டினாள். குளிரில் செத்துப் போயிருந்தது.

"உன்னுது உயிரோட இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நொடி டெல்மருக்கு முன்னால் மரப்பலகை வந்து நின்றது. அதில் நூட்சன் என்று பொறித்திருந்தது. முன்னால் இருந்த பெயர் மட்டும் அவருடையதாக இல்லை. ஆனால் நெஞ்சுப் பையில் போன் கதகதப்பாக இருப்பது அவருக்கே உறுத்தியது. எடுத்தார்.

"காலியாத்தானே இருக்கு? ஒரு படம் எடு."

லவோன் கையை நனைத்துக்கொண்டு மீனைத் தூக்கி அளவுப் பலகையில் கிடத்தினாள். பக்கத்தில் எண் அட்டையை வைத்தாள். மீன் பலகையின் நுனியைத் தொட்டது. டெல்மர் பழக்கதோஷத்தில் கரை தெரியாதபடி குனிந்து போனைப் பிடித்தார்.

"இரு," என்றாள் லவோன். "முதல்ல அந்த விவரத்தை அணைச்சிட்டு எடு. இந்தப் படம் கடைக்குப் போகுது. என் இடம் வெண்டலுக்குத் தெரிஞ்சிடக் கூடாது."

அதை எங்கே அணைப்பது என்று டெல்மருக்குத் தெரியவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு அங்கே இங்கே அழுத்திப் பார்த்தார். கடைசியில் கையை நனைத்துக்கொண்டு மீனை அவர் பிடித்துக்கொண்டார், போனை அவள் வாங்கிக்கொண்டாள்.

"கெட்டியா பிடி," என்றாள் லவோன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வயிறு படத்துல விழாமப் பார்த்துக்கோ."