உன் பேர் வெட்டிய குடம்

திருவண்ணாமலை
18-7-1983

சென்னைப் பட்டணத்தில் ஃபேன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் பேரன் சிரஞ்சீவி அர்ஜுனனுக்கு, உன் ஆயா உண்ணாமலை ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே தண்ணீரைத் தவிர எல்லாரும் சௌக்கியம். தீபத்துக்கு வந்து போனவன் நீ. அன்று பார்த்த முகத்தை வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன்.

விஷயம் உன் பித்தளைக் குடம். காதுகுத்துக்கு உன் பேர் வெட்டி வாங்கினேனே, அதுதான். பட்டணத்திலிருந்து ஓவியம் படிக்கிற பிள்ளைகள் வந்து, பஞ்சத்தையும் அதைப் பார்த்தும் பார்க்காத சர்க்காரையும் கேள்வி கேட்கிறோம் என்று ஊர் முழுக்கக் கண்காட்சி வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் காலி நாற்காலிக்கு மாலை, காய்ந்த குளத்தில் ஆள் உசரக் காகிதக் கப்பல். நம் தெருக் குழாயடியிலும் வைப்பார்கள் என்று யார் கண்டது? விடிந்து பார்த்தால் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. வரிசையைக் கண்டால் நம் தெருவில் எவள் சும்மா இருப்பாள்? பக்கத்தில் ஒரு போர்டு. அஞ்சாங்கிளாஸ் படித்தவள் நான் ஒருத்திதானே, ‘தாகம்’ என்று நானே படித்து, “லாரித் தண்ணி வருதுடி” என்று ராஜம்மாளுக்கும் சொல்லி, உன் குடத்தைக் கடைசியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வரிசை மசூதி வரைக்கும் போய்விட்டது. தாடி வைத்த பிள்ளை ஒன்று ஓடிவந்து, “அம்மா, இது கலைங்க. இதுல தண்ணி வராதுங்க. வராததுதான் அர்த்தம்” என்றது. “அர்த்தத்தை ஊத்தி சோறு பொங்க முடியுமா தம்பி?” என்றாள் முன்னி பேகம். ஆனாலும் ஒருத்தியும் குடத்தை எடுக்கவில்லை. வராது என்று தெரிந்தாலும் பிடித்த இடத்தை விட மனசு வருமா? ஜீப்பில் போன ஒரு ஆபீசர் வரிசையைப் பார்த்து, மறியல் என்று பயந்து நிஜமாகவே லாரி அனுப்பிவிட்டார். முன்னால் நின்றது அந்தப் பிள்ளைகளின் குடங்கள். அர்த்தத்துக்காக அடியில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். லாரிக்காரன் ஊத்துறான் ஊத்துறான், நிறையவே இல்லை. பாதித் தண்ணி தெருவிலேயே போச்சு. அப்புறம் நடந்த சண்டையில், அவர்கள் குடங்களை வேனில் ஏற்றும்போது உன் குடமும் போய்விட்டது.

அவர்கள் காலேஜ் அங்கே பட்டணத்தில்தான். லீவு போட்டுப் போய்க் கேட்டு வாங்கு. பார்சலில் போட்டால் நசுங்கும், கையிலேயே கொண்டு வா.

காலையில் மலையைப் பார்த்துக் கும்பிடும்போது முதலில் உன் பேரைத்தான் சொல்கிறேன். மழை இரண்டாவதுதான். நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் ஆயா
உண்ணாமலை

பி.கு.: ராஜம்மாள் வீட்டுக்காரர் இருசப்பன் இப்போதுதான் உன் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் வீட்டுக் குடத்தோடு கலந்துவிட்டதாம். மேலே எழுதியதை அடிக்க எனக்கு மனசு வரவில்லை. நீ காலேஜுக்கெல்லாம் போய் அலையாதே. நேரா பஸ் ஏறி வந்து, குடம் கிடைக்கல ஆயான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ.