பீரங்கி மாஸ்டர் கட்டிய கோட்டை

திருப்பூரில் பனியன் தைக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எதிரி படையெடுத்து வந்தால் ஒரு பனியன் கம்பெனியை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்து வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் பீரங்கி மாஸ்டர்தான்.

கட்டிங் மாஸ்டர் என்பது அவர் உத்தியோகம். பீரங்கி, நாங்கள் சூட்டியது. சொந்த ஊர் தாராபுரத்துக்குப் பக்கம். அங்கே அமராவதிக் கரையில் இடிந்து கிடக்கும் ஒரு கோட்டையின்மேல் அவருக்குத் தீராத காதல். துணியில் கோடு போடும் சாக்பீஸால் கட்டிங் டேபிளிலேயே அகழி வரைவார். நான் அதே கம்பெனியில் மெர்ச்சன்டைசர்; ஆர்டரைச் சொன்ன தேதியில் அனுப்பிவைப்பது என் பொறுப்பு. டெலிவரி எப்போது என்று கேட்கப் போனால் ஒரு பாடம் கேட்டுவிட்டுத்தான் திரும்ப முடியும். "கல்லுச் சுவத்துல குண்டு பட்டா தெறிச்சுருமுங்க. மண்ணுச் சுவரு அப்படியே முழுங்கிக்கும். மெத்துன்னு இருக்கறதுதானுங்க கெட்டி" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அந்தக் கோட்டைக்குக் கூட்டிப்போனார். பார்த்தால் ஒரு துண்டுச் சுவரும் ஊணாங்கொடியும்தான். அவர் கண்ணுக்கு மட்டும் கொத்தளம், பீரங்கி மேடை, அம்பு விடும் துளைகள் எல்லாம் அப்படியே நின்றன. பெரிய கதவுக்குள் இருக்கும் திட்டிவாசல் என்ற சின்ன வழியைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினார். உள்ளே மாட்டிக்கொண்டவன் தப்பிக்க ஒரு வழி விடாதவன் கோட்டை கட்டவே லாயக்கில்லையாம். பிறகு என்னை எதிரிப்படை ஆக்கி ஆற்றில் இறக்கிவிட்டார். பேன்ட்டை மடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நான் படையெடுத்து வர, மேலிருந்து மரியாதையாகச் சொன்னார்: "இப்ப உங்க மேல கொதிக்கிற எண்ணெய ஊத்தியாச்சுங்க. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க."

அந்த இடுப்பளவுச் சுவரில்கூட என்னால் ஏற முடியவில்லை. என் உடம்பு வாகு அப்படி. மாஸ்டர்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

வினை அடுத்த மாதம் வந்தது. கோட்டை வாசல் நேராக இருந்தால் யானை ஓடிவந்து முட்டிவிடும், வழி வளைந்து வளைந்து போக வேண்டும் என்பது அவர் கொள்கை. அதன்படி குடோனில் ஏற்றுமதிப் பெட்டிகளை மூன்று திருப்பத்தோடு அடுக்க வைத்துவிட்டார். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனியைச் சோதிக்க அனுப்பிய ஆடிட்டர் உள்ளே போய், வெளியே வரத் தெரியாமல் குரல் கொடுத்தார். எதற்கு இப்படி என்று அவர் கேட்டபோது, யானையைத் தடுக்க என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய பாக்கியம் எனக்கு வாய்த்தது.

முதலாளி மாஸ்டரைக் கூப்பிட்டார். "இனிக் கோட்டைன்னு ஒரு வார்த்தை காதுல உழுந்துச்சுன்னா, நீங்க ஊட்டுக்குப் போயிரலாமுங்க." எங்கள் பக்கம் வேலையை விட்டு நிறுத்துவதும் மரியாதையாகத்தான். மாஸ்டரின் மகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். மனிதர் வாயைத் தைத்துக்கொண்டார். அன்று முதல் அவர் சாக்பீஸ் பனியனின் கையையும் கழுத்தையும் மட்டும் வரைந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் கொட்டித் தீர்த்தது மழை. கம்பெனிக்குப் பின்னால் இருந்த ஓடை பொங்கி வளாகத்துக்குள் வந்துவிட்டது. முதலாளி கோயம்புத்தூரில். மறுநாள் கன்டெய்னர் ஏற வேண்டிய சரக்கு முழுவதும் குடோன் தரையில். நான் உள்ளே பெட்டி நம்பர் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் கூப்பிட்டது கேட்டது. இதோ முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். புத்திசாலி என்று நினைப்பு.

திரும்பிப் பார்த்தால் வாசலில் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகளைக் கட்டிவைத்த கட்டிங் வேஸ்ட் மூட்டைகளை வடநாட்டுத் தொழிலாளர்கள் வரிசையாக நின்று கை மாற்ற, தனக்குத் தெரிந்த "ஊப்பர், நீச்சே" என்ற, மேலே கீழே என்று பொருள்படும் இரண்டே இந்தி வார்த்தைகளை வைத்து மாஸ்டர் ஒரு படையையே நடத்திக்கொண்டிருந்தார். மூட்டைகள் நனைய நனையக் கனத்து அழுந்தி உட்கார்ந்தன. மண்சுவர் குண்டை விழுங்குமே, அப்படிப் பனியன் வேஸ்ட் வெள்ளத்தை விழுங்கியது. ஓரத்தில் மட்டும் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதன் வழியாகத்தான் நான் வெளியே வந்தேன். வந்த பிறகு அடைத்தார்கள். அதற்குள் அந்த வழியாகத் தண்ணீர் புகுந்து ஏழு பெட்டிகள் நனைந்துவிட்டன.

மழை விட்டதும் முதலாளி வந்தார். இது என்ன என்று சுவரைக் காட்டிக் கேட்டார்.

"மூட்டைங்க" என்றார் மாஸ்டர். செத்தாலும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்.

ஏழு பெட்டி எப்படி நனைந்தது, முதலிலேயே முழுசாக அடைத்திருக்கலாமே என்றார் முதலாளி. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இவரு உள்ற இருந்தாருங்க. இவருனால சுவரு ஏற முடியாதுங்க."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். மறுக்க முடியவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அந்த மூட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கோட்டைய நல்லாத்தானுங்க கட்டியிருக்கீங்க" என்றார்.

அதற்கப்புறம் நான் நாலைந்து கம்பெனி மாறிவிட்டேன். தன் வேலை போனாலும் பரவாயில்லை என்று எனக்காக ஒரு வாசலை விட்டுவைத்தவர் அவர் ஒருவர்தான்.